மாமியாரை ஏற்றிப் பார்த்து வாங்கிய கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில், வீட்டுக்கு ஒரே ஒரு கார்தான் என்றால் அது ஜீப் மாதிரி உயரமான காம்பேக்ட் எஸ்யூவியாகத்தான் இருக்க வேண்டும், சின்ன கார்களின் காலம் முடிந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு கட்டுரை வந்திருந்தது. காலை டிபனுக்கு மாவு கரைத்துக்கொண்டே படித்தேன், தோசை இரண்டு தீய்ந்துவிட்டது. நான் சேலத்தில் இருக்கிறேன், அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், பத்தொன்பது வருடமாக கார் ஓட்டுகிறேன். அதே கேள்வியோடு போன வருடம் ஐந்து மாதம் அலைந்து, நேர் எதிரான முடிவுக்கு வந்து, மாருதி ஸ்விஃப்ட் என்கிற சின்ன காரை வாங்கியவள் என்பதால் இதை எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், என் மாமியார் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சந்துக்குள் வீடு. வீட்டுக்காரர் மண்டியில் கணக்கு எழுதுகிறார், நடந்தே போய் நடந்தே வருவார், கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. பதினான்கு வயதில் ஒரு பெண், ஒன்பது வயதில் ஒரு பையன், எழுபத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு மாமியார். என் பள்ளி ஓமலூர் ரோட்டில், போக 14 கிலோமீட்டர், வர 14. அம்மா வீடு எடப்பாடி பக்கம். ஸ்கூட்டரை விற்றுவிட்டோம், நிறுத்த இடமில்லை. ஆக பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், கல்யாணம், காடு கழனி எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, விடியற்காலை ஐந்தரைக்கு, யாரையும் எழுப்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக ஏற்காடு ஏறுவேன். ஒண்டிக்கடை பக்கம் ஒரு காபி, ஏரிக்கரையில் பத்து நிமிடம், ஒன்பது மணிக்குள் வீடு திரும்பி இட்லிக்கு அடுப்பு மூட்டிவிடுவேன். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் இதுதான். உங்கள் கட்டுரையில் இப்படிப்பட்ட ஆளுக்கு இடமே இல்லை. குடும்பத்துக்கு வண்டி வாங்குகிறவர் என்றால் ஓட்டும் சந்தோஷத்தைத் தியாகம் செய்தவர் என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

முன்னால் வைத்திருந்தது மறைமலைநகரில் செய்த முதல் தலைமுறை ஃபோர்டு ஃபிகோ, 1.4 டீசல். 69 குதிரைத்திறன்தான், ஆனால் அந்த ஸ்டீயரிங்கில் ரோடு கைக்குத் தெரியும், எந்தச் சக்கரம் எந்தக் குழியில் விழுகிறது என்பதுவரை. ஃபோர்டு 2021ல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்ததும் எங்கள் தெரு மெக்கானிக் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார். அதற்கு அப்புறமும் நாலு வருடம் ஓட்டினேன். வயதுக்குரிய செலவுகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்ததும் மனசைத் தேற்றிக்கொண்டு விற்றேன். புதிது தேடும்போதுதான் புரிந்தது, ஓட்டவும் நன்றாக இருந்து வீட்டு வேலைக்கும் உதவும் சின்ன கார்களில் பாதி சந்தையைவிட்டே போயிருந்தது. ஃபோக்ஸ்வாகன் போலோ 2022ல் போனது. பின் சீட்டின் அடிப்பலகையை மேலே தூக்கி மடக்கி, பூந்தொட்டியைக்கூட நிற்கவைத்து எடுத்துப் போகலாம் என்று இருந்த ஹோண்டா ஜாஸ் 2023ல் போனது. எல்லாரும் உயரமான வண்டி கேட்டால் கம்பெனிக்காரன் என்ன செய்வான்.

இந்த உயரத்துக்கு ஒரு கதை இருக்கிறது, உங்கள் கட்டுரையாளர் அதைத் தொடவில்லை. 2006 மத்திய பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கு கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500க்குள். அன்றிலிருந்து நம் ஊர் வண்டிகளுக்கு அந்த 4 மீட்டர் ஒரு லட்சுமணக் கோடு. 4 மீட்டரைத் தாண்டியிருந்த மாருதி டிசையர், 2012ல் புது உருவத்தில் வந்தபோது வாலை நறுக்கிக்கொண்டு 3,995 மில்லிமீட்டரில் நின்றது ஞாபகம் இருக்கலாம். ஜிஎஸ்டி வந்தபோதும் இதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக்குள் வரும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. நீளத்தைக் கட்டிப்போட்டார்கள், எஞ்சினைக் கட்டிப்போட்டார்கள், உயரத்துக்கு மட்டும் யாரும் கோடு போடவில்லை. அதனால் அதே நாலு மீட்டருக்குள், அதே சின்ன எஞ்சினின் மேல், பானட்டைத் தூக்கி, சுற்றிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டி வண்டிகள் மேல்நோக்கி வளர்ந்துவிட்டன. நீங்கள் சொல்லும் காம்பேக்ட் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான். குட்டையான பையன் குதிகால் செருப்பு போட்டால் உயரம் தெரியும், கை நீளுமா?

எங்கள் சந்துக்கு வருகிறேன். வீட்டு கேட் ஏழடி, அதாவது 2,133 மில்லிமீட்டர். நான் டேப் வைத்து அளந்தேன், பக்கத்து வீட்டு அக்கா ஏதோ வாஸ்து பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எஸ்யூவிகளில் நெக்ஸான் அகலம் 1,804. பிரெஸ்ஸா 1,790. சின்ன கார்களில் ஸ்விஃப்ட் 1,735, டியாகோ 1,677, வேகன் ஆர் 1,620. இவையெல்லாம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காத கணக்கு. இரண்டு பக்கமும் கண்ணாடி விரிந்து நிற்கும்போது 1,800 மில்லிமீட்டர் வண்டி ஏழடி கேட்டுக்குள் எப்படி நுழையும் என்று மனக்கணக்கு போட்டுப் பாருங்கள். நுழையும், தினமும் காலை ஏழே காலுக்கு, பால்காரர் சைக்கிளும் எதிர்வீட்டு நாயும் நிற்கும்போது, மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழையும். ஒரு நாளுக்கு இரண்டு தடவை, வருடத்துக்கு எத்தனை தடவை. சந்து முனையில் ஒரு அடிபம்பு வேறு இருக்கிறது. தண்ணீர் வந்து வருஷக்கணக்காயிற்று, பம்பு மட்டும் அசையாது.

அந்த அடிபம்புதான் எனக்கு கார் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்றுகூடச் சொல்லலாம். கடைசிச் சுற்றில் இரண்டு வண்டிகள் இருந்தன, டாடா ஆல்ட்ராஸும் ஸ்விஃப்ட்டும். ஆல்ட்ராஸின் கதவுகள் 90 டிகிரி விரிந்து திறக்கும், மாமியாருக்கு அது வரப்பிரசாதம். டிக்கி 345 லிட்டர். 2020ல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். கணக்குப்படி அதைத்தான் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் நீளம் 3,990, ஸ்விஃப்ட் 3,860. ஒரு ஜாண்கூட இல்லாத 13 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். டெஸ்ட் டிரைவ் வண்டியை எங்கள் சந்துக்குள்ளேயே கொண்டுவந்து திருப்பிப் பார்த்தேன். ஸ்விஃப்ட் அடிபம்பைச் சுற்றி ஒரே திருப்பில் வந்துவிட்டது. நீளமானது ஒரு தடவை ரிவர்ஸ் எடுத்தால்தான் வந்தது. பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது தினம் ஒரு ரிவர்ஸ் எனக்கு வேண்டாம். வேறொருவர் வீடு அகலமான ரோட்டில் இருந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆல்ட்ராஸ் வாங்கலாம், அது தப்பே இல்லை.

ஷோரூம்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். ஐந்து இடம் போனேன். நாலு இடத்தில் விற்பனைப் பையன் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினான். எஞ்சின் என்ன, பிக்கப் எப்படி, எல்லாம் அவரிடம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கு ஓட்டத் தெரியாதுங்க, இவங்கதான் ஓட்டறாங்க" என்றதும் பையன் என் பக்கம் திரும்பி, "அப்ப மேடம், லேடீஸ்க்கு ஆட்டோமேட்டிக்தான் பெஸ்ட்" என்றான். இதை நாலு இடத்திலும் அச்சு மாறாமல் சொன்னார்கள், எங்கோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் போல. ஒரு இடத்தில் டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸில் நேராக இரண்டு கிலோமீட்டர், திரும்பி இரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சன்ரூஃபைத் திறந்து மூடிக் காட்டிக்கொண்டே வந்தான். மத்தியானம் ஒன்றரை மணி, சேலத்து வெயில். சன்ரூஃப் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, துவரம்பருப்பு காயவைக்கவா?

கடைசியில் ஒரு இடத்தில் மட்டும் ஒரு பெரியவர் இருந்தார். ஏற்காடு அடிவாரம் தாண்டி ஐந்தாவது கொண்டை ஊசி வரைக்கும் போய்வரலாமா என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "போலாம்மா, ஆனா குரங்குக்கு நிறுத்தாதீங்க" என்று சாவியைக் கொடுத்தார். நான் வண்டி வாங்கியதும் அங்கேதான்.

அந்த மலைப்பாதை தெரியாதவர்களுக்கு: அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். ஏறும்போது வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். உள்ளே நுழைந்தபின் அவசரப்படாமல், வளைவின் வாய் திறந்து மேல் ரோடு கண்ணுக்குத் தெரிந்ததும் மெல்ல மிதித்தால், எடை குறைந்த வண்டி சொன்ன பேச்சு கேட்கிற கன்றுக்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். இந்தச் சுகம் குதிரைத்திறனால் வருவதில்லை, எடையால் வருகிறது. இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே புரியவைத்திருக்கிறேன். ஸ்விஃப்ட் 920 கிலோ அளவுக்குத்தான், எஞ்சின் 82 குதிரைத்திறன். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் 89. நூறு குதிரைத்திறன் எஞ்சினோடு 1,200 கிலோ எடை இருக்கும் ஒரு உயரமான வண்டிக்கு அதே கணக்கில் 83. பெரிய எஞ்சின் வாங்கினோம் என்று சந்தோஷப்பட்டு, அந்த எஞ்சினைத் தன் உடம்பையே இழுக்கவைத்துச் செலவழிக்கிறோம். வித்தியாசமான 280 கிலோ என்பது நாலு பெரியவர்கள். நீங்கள் தனியாகப் போகும்போதும் அந்த நாலு பேர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், இறங்க மாட்டார்கள்.

இறங்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை நான் வேதவாக்காக வைத்திருக்கிறேன். இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் போதும். ஞாயிறு சாயங்காலம் அடிவாரத்தில் போய் நின்று பாருங்கள், பெரிய பெரிய வண்டிகள் ஓரம் கட்டி நிற்கும், பிரேக் தீய்ந்த வாடை மூக்கைத் துளைக்கும். மூன்றாவது, நாலாவது கியரில் விட்டுவிட்டு வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருப்பார்கள். எடை கூடக் கூட அந்தச் சூடும் கூடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் ஐந்து பேரும் ஏறி ஏசியும் போட்டால் நிலைமை வேறு. செங்குத்தான வளைவுகளில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும், ஏசியை இரண்டு நிமிடம் அணைத்தால் பரவாயில்லை என்று தோன்றும். மூன்று சிலிண்டர் எஞ்சின், சிக்னலில் நிற்கும்போது கால்மாட்டில் ஒரு சின்ன நடுக்கம் தெரியும், அது மூன்று சிலிண்டரின் சுபாவம். தரையிலிருந்து இடைவெளி 163 மில்லிமீட்டர். எங்கள் தெருவில் வேகத்தடை போட்ட மகானுபாவர் அதைச் சின்ன மலையாகவே கட்டியிருக்கிறார், நான் குறுக்காக ஏற்றி இறக்கப் பழகிக்கொண்டேன். இந்த ஒரு விஷயத்தில் எஸ்யூவிக்காரர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும்.

ஆட்டோமேட்டிக் பற்றி: நான் ஓட்டிப் பார்த்தேன், வேண்டாம் என்று ஒதுக்கவில்லை. இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஏஎம்டி, அதாவது கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு கருவி போடும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பு நெரிசலில் கால்வலி மிச்சம், அது உண்மை. ஆனால் கொண்டை ஊசிக்கு நடுவில் அது திடீரென்று மேல் கியர் போட நினைக்கும், இழுவை ஒரு நொடி விடும், தலை முன்னால் ஒரு ஆட்டு ஆடும். மேனுவல் மோடில் நாமே போட்டுக்கொள்ளலாம், அப்புறம் எதற்கு ஆட்டோமேட்டிக்? நான் கிளட்ச் வண்டியே வாங்கினேன். தினமும் நெரிசலில்தான் வாழ்க்கை என்கிறவர்கள் ஏஎம்டி வாங்கட்டும், இதில் ஆம்பளை பொம்பளை எங்கே வந்தது என்பதுதான் என் கேள்வி.

இனி மாமியார். ஷோரூமில் ஸ்விஃப்ட்டின் முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். புடவையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பற்றி, மெல்ல இறங்கி உட்கார்ந்தவர், "ஏங் கண்ணு, இது என்ன குழிக்குள்ள எறங்கறாப்ல இருக்குது" என்றார். உட்காருவது பெரிதில்லை, எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருந்தது. அடுத்து வேகன் ஆரில் ஏற்றினோம். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், நாற்காலியில் உட்கார்கிற மாதிரி நேராகப் போய் உட்கார்ந்துவிட்டார், முகமெல்லாம் மலர்ச்சி. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு அதைவிட உபகாரமான வண்டி இந்த விலையில் இல்லை, டிக்கியும் 341 லிட்டர். ஆனால் உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் எந்த வண்டியும் வளைவில் கொஞ்சம் சாயத்தான் செய்யும், இயற்பியல் விதியை யாரும் மாற்ற முடியாது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாமியார் முழங்காலுக்கும் என் மாதம் ஒரு ஞாயிறுக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது?

தீர்த்துவைத்தது அவரேதான். வீட்டில் பழைய நார் மெத்தை ஒன்று கிடந்தது. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, மூன்று விரல்கடை கனத்துக்கு உறை தைத்து, மறுநாள் என்னோடு ஷோரூமுக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சீட்டில் போட்டு உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். சீட் பெல்ட் இடுப்பு எலும்பின் மேல் சரியாகப் படிகிறதா, திண்டு நழுவுகிறதா என்று நான் இழுத்துப் பார்த்தேன். நழுவாமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று. சரி, ஆயிற்று. அந்த ஷோரூமில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதுகாப்பு விஷயத்தை அப்படிச் சிரித்துக் கடக்க முடியாது. முந்தைய தலைமுறை ஸ்விஃப்ட் 2022ல் குளோபல் என்கேப் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் வாங்கியது. அதனாலேயே ஒரு மாதம் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. 2024ல் வந்த இப்போதைய வண்டியில் எல்லா வேரியண்டிலும் ஆறு ஏர்பேக், சறுக்கும்போது வண்டியை நேராக்கும் ஈஎஸ்சி, ஐந்து பேருக்கும் தோள்பட்டையோடு சேர்ந்த பெல்ட். அதன் கூடப்பிறந்த புது டிசையர் 2024 நவம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அண்ணன் பாஸ் ஆனால் தம்பி பாஸ் ஆன மாதிரி ஆகாது, வாத்தியாருக்கு இது தெரியாதா, இருந்தாலும் கொஞ்சம் நிம்மதி. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே சோதனை நடக்கிறது. உங்கள் வாகனப் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே நட்சத்திரத்தையும் போட்டால் என்ன? ஸ்பீக்கர் எத்தனை என்று போட இடம் இருக்கிறதே.

பணக் கணக்கு. மேல் வேரியண்ட் எஸ்யூவி ஆன்ரோடு, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, 13 லட்சம் என்றும் நான் வாங்கிய மாதிரி ஒன்று 8 லட்சம் என்றும் வைத்துக்கொண்டால் வித்தியாசம் 5 லட்சம். 9 சதவீத வட்டி, ஏழு வருடக் கடன் என்றால் லட்சத்துக்கு மாதம் 1,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, ஐந்து லட்சத்துக்கு 8,000. வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. எதற்காக? ஐந்து பேரும் பெட்டி படுக்கையோடு திருச்செந்தூரோ ராமேஸ்வரமோ போகும், வருடத்தில் இரண்டே இரண்டு பயணத்துக்காக. அந்த ஒரு லட்சத்தில் வருடத்துக்கு எத்தனை தடவை இன்னோவா வாடகைக்கு எடுக்கலாம், டிரைவரோடு, நான் பின்னால் தூங்கிக்கொண்டே போகலாம். முந்நூற்றைம்பது நாளுக்கு வண்டி வாங்க வேண்டுமா, பதினைந்து நாளுக்கு வாங்க வேண்டுமா? அப்புறம் தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றியபிறகு 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. கூட இருபதாயிரம் போட்டு பத்து லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வாங்கினால் வரி 1,81,800. அந்த இருபதாயிரம் பெறுமானமுள்ள அலாய் வீலுக்காக 53,100 ரூபாய் கூடுதல் வரி கட்டுகிறவர்களை நான் ஷோரூமில் கண்ணால் பார்த்தேன், பில் போடும்வரை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வாங்கியது நடு வேரியண்ட், 14 அங்குல இரும்பு வீல், தீபாவளி கழித்து டெலிவரி. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 24.8. எனக்கு ஊருக்குள்ளும் பள்ளிக்குமாக 18, பைபாஸில் சீராகப் போனால் 21, ஏற்காட்டுக்கு 13. மாதம் 900 கிலோமீட்டர், 50 லிட்டர், ஐயாயிரத்துச் சொச்சம். மின்சார காரும் யோசித்தேன், சந்துக்குள் தெருவோரம் சார்ஜ் வயர் இழுத்தால் நாளைக்கே யாராவது துணி காயப்போடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

டிக்கி 265 லிட்டர்தான், போதாது போதாது என்று எல்லாரும் சொன்னார்கள். இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் அம்மா வீட்டிலிருந்து பத்துக் கரும்பு எடுத்துவந்தேன், தோகையோடு. பெண்ணை மட்டும் முன்னால் உட்காரவைத்து, பின் சீட்டின் முதுகை மடக்கிப் படுக்கப்போட்டு, பழைய வேட்டி விரித்து, அடிக்கட்டை டிக்கி மூலையிலும் தோகை இரண்டு முன் சீட்டுக்கும் நடுவிலும் வருகிற மாதிரி கோணலாக நுழைத்தோம். கதவு சாத்திக்கொண்டது. பக்கத்தில் ஒரு மூட்டை அரிசி, பரங்கிக்காய் மூன்று, மஞ்சள் கொத்து. வழியெல்லாம் தோகை நுனி அவள் காதைக் குத்திக்கொண்டே வந்தது, மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் நான் தோகையை ஒதுக்கிவிட்டுப் போட்டேன். வீடு வந்து பார்த்தால் ஒரு கரும்பில் ஒரு கணு குறைந்திருந்தது. கேட்டேன், பேசவில்லை, வாய் நிறைய இருந்தது.

உங்கள் பக்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை நொடி என்று எழுதுகிறீர்கள், சேலத்தில் எந்த ரோட்டில் அதைச் செய்து பார்ப்பது? அதற்குப் பதில் ஒடுக்கமான சந்தில் எத்தனை திருப்பில் திரும்புகிறது, முழு ஆட்களோடு மலை ஏறும்போது எந்த கியரில் ஏறுகிறது, ஒரு டயர் மாற்றினால் என்ன விலை, ஸ்டெப்னியைக் கழற்ற டிக்கியில் உள்ள எல்லாவற்றையும் இறக்க வேண்டுமா, எழுபது வயதுக்காரர் உதவி இல்லாமல் எழுந்திருக்கிறாரா என்று எழுதுங்கள். கடைசிச் சோதனைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் உங்கள் நிருபரை சேலத்துக்கு அனுப்புங்கள், என் மாமியார் வருவதற்குச் சம்மதித்துவிட்டார். நார்த் திண்டோடுதான் வருவாராம். முன் சீட்டு அவருக்கு, நிருபர் பின்னால் என் பையனோடு உட்கார்ந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.